விறகு நனையாமல் இருக்க மலிவாக ஒரு கூரை: குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குலசேகரம் பக்கம் எங்கள் வீட்டின் பின்முற்றத்தில் விறகு வைக்க ஒரு சின்னக் கூரை போட்டேன். நாலு கால், நாலு பழைய தகரம், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் ரப்பர் பால் எடுக்க வருகிறவர், ஓலை பொறுக்க வருகிறவர், கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர் என்று எல்லாரும் ஒரு நிமிஷம் அதன் முன்னால் நிற்கிறார்கள். எல்லாரும் கேட்பதும் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

தார்ப்பாயைப் போட்டு மூடினால் போதாதா? எதற்குக் கூரை?

நானும் அப்படித்தான் நினைத்தேன். கூரை போடுவதற்கு முந்தின வருஷம், வெட்டிய ரப்பர் விறகை வேலியோரம் அட்டியாக அடுக்கி, உச்சியிலிருந்து தரைவரை நீலச் சில்பாலின் தார்ப்பாயால் பொதிந்து, சுற்றிலும் செங்கல் ஏற்றி, எறும்புகூட நுழைய முடியாதபடி கட்டிவிட்டேன். இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை முழுக்க ஒரு துளி உள்ளே போகவில்லை என்று பெருமை வேறு.

ஆவணியில் திறந்தேன். தார்ப்பாயின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. மேல் வரிசையில் கருநீலப் பூஞ்சை, நடுவில் பஞ்சு போல வெள்ளைப் பூசணம், அடி வரிசையில் குடை விரித்த காளான். ஒரு கட்டையை எடுத்தால், வெட்டிய அன்றைக்கு இருந்த கனம் அப்படியே இருந்தது. தரையைத் தொட்டுக்கொண்டிருந்த கட்டையோ சாயாவில் முக்கிய ரொட்டி மாதிரி கையோடு பிய்ந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பெரியப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு, "வெறகுக்கு என்ன மக்கா, காய்ச்சலா? இப்பிடிப் போத்தி வச்சிருக்க" என்றார்.

அவர் சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. பச்சையாக வெட்டிய ரப்பர் விறகில் 10 கிலோவுக்கு ஏறக்குறைய 4 கிலோ தண்ணீர். அது ஆவியாகி வெளியே போக வேண்டும். சுற்றிலும் பொதிந்துவிட்டால் போக வழியில்லாமல் தார்ப்பாயில் பட்டு நீராகி, திரும்பவும் விறகின் மேலேயே சொட்டும். தரையிலிருந்து ஏறும் ஈரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். வெளியில் மழை, உள்ளே புட்டுக்குடம்.

ரப்பர் மரத்துக்கு மழைக்காப்பு ஒட்டுகிறோமே, அதை நினைத்துப் பாருங்கள். மரத்தை முழுசாகச் சுற்றுவதில்லை. பால் எடுக்க வெட்டுகிற பட்டைக்கு மேலே பாவாடை மாதிரி ஒரு பிளாஸ்டிக்கை ஒட்டி, ஒழுகி வருகிற தண்ணீரை வெளியே திருப்பிவிடுகிறோம். கீழே எல்லாம் திறந்துதான் கிடக்கும். விறகுக்கும் அதே வேலைதான்: மேலே மழை படக் கூடாது, பக்கத்தில் காற்றோட்டம் நிற்கக் கூடாது, அடியில் மண் தொடக் கூடாது.

மற்ற ஊரில் எல்லாம் சும்மா ஒரு கீற்றை மேலே போட்டுவிடுகிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இத்தனை யோசனை?

நமக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது. இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்–கொச்சியோடு இருந்தது. அதனால்தான் பெரியவர்கள் வாயில் இன்னும் இடவப்பாதி, துலாம் என்று மலையாள மாதக் கணக்கு வரும். ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை மேற்கிலிருந்து காற்றோடு சாய்ந்து அடிக்கும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையோ பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேல் இடி மின்னலோடு, கிழக்கிலிருந்தும் வடக்கிலிருந்தும் வரும். ஒரு பக்கம் மட்டும் மறைத்த கூரை, வருஷத்தில் பாதிதான் உதவும்.

மாவட்டத்துக்குள்ளேயும் ஒரே மாதிரி இல்லை. பேச்சிப்பாறை, குலசேகரம், களியல் பக்கம் மலையடிவாரம். மழையும் அதிகம், காற்றில் ஈரமும் அதிகம். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் கணவாய்க் காற்று. சும்மாவா அங்கே அத்தனை காற்றாலை நிற்கிறது? அங்கே விறகு தானாகவே காய்ந்துவிடும், ஆனால் கூரை பறந்துவிடும். மலையடிவாரத்துக்காரர் ஈரத்தை நினைத்துக் கட்ட வேண்டும், கணவாய்க்காரர் காற்றை நினைத்துக் கட்ட வேண்டும்.

எந்த இடத்தில் வைக்கலாம்?

வீட்டுச் சுவரில் ஒட்டி மட்டும் வைக்காதீர்கள். எல்லாரும் செய்வது அதுதான். சுவர் இருந்தால் ஒரு பக்கம் செலவு மிச்சம் என்று. அந்த வழியாகத்தான் கறையான் ஜன்னல் கட்டளைக்கு, அதாவது மரச்சட்டத்துக்கு, ஏறும். சுவருக்கும் விறகுக்கும் நடுவில் ஓர் ஆள் பக்கவாட்டில் நுழைந்து போகிற அளவு, இரண்டடியாவது விடுங்கள். கூட்டிப் பெருக்கவும் வசதி, ஏதாவது பதுங்கியிருந்தால் கண்ணிலும் படும்.

மற்றபடி, தண்ணீர் தேங்காத மேடு வேண்டும். வீட்டுக் கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். தென்னையின் நேர் கீழே வேண்டாம்: மட்டையோ தேங்காயோ விழுந்தால் ஷீட் போச்சு. வாழைத்தோட்டத்து நிழலுக்குள்ளும் வேண்டாம், அங்கே காற்றே நடமாடாது. அடுக்களை வாசலிலிருந்து மழையில் ஓடி எடுத்துவரும் தூரத்தில் இருந்தால் நல்லது. இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஐப்பசி அடைமழையில் ராத்திரி ஒருமுறை விறகெடுக்கப் போனால் தெரியும்.

எவ்வளவு பெரிசாகக் கட்ட வேண்டும்?

என்னுடையது 8 அடி நீளம், 4 அடி ஆழம். இரண்டடி நீளத்தில் வெட்டிய விறகு முன்னும் பின்னுமாக இரண்டு வரிசை நிற்கும். நாலடி உயரம் அடுக்கினால் நன்றாகக் காய்ந்த விறகு ஒரு டன் பிடிக்கும். வெந்நீருக்கும் ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கும் மட்டும் என்றால் இதில் பாதி போதும். ரப்பர் பால் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்துகிற வீடென்றால் இப்படி இரண்டு கட்டுங்கள், ஒன்றையே இரண்டு மடங்கு ஆழமாகக் கட்டாதீர்கள். ஆழம் கூடினால் நடுவில் இருக்கிற விறகுக்குக் காற்று போகாது. நீளத்தைக் கூட்டலாம், ஆழத்தை நாலடிக்கு மேல் கூட்டக் கூடாது.

கூரைக்கு எது மலிவு? ஓலையா, ஓடா, தகரமா?

கையில் என்ன கிடக்கிறது என்பதைப் பொறுத்து பதில் மாறும்.

முடைந்த தென்னோலை சொந்தத் தோப்பு உள்ளவர்களுக்குக் காசே இல்லை. வெயிலில் சூடு ஏறாது, உள்ளே வியர்க்காது; விறகுக்கு உண்மையில் இதைவிட நல்ல கூரை கிடையாது. ஆனால் சாய்வு நன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓலை நடுவிலேயே தண்ணீர் நின்று மக்கும். நம்ம மழைக்கு வருஷா வருஷம் மேய வேண்டும். முடையத் தெரிந்த கைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் அம்மா பேசிக்கொண்டே ஒரு ஓலையை முடைந்து தள்ளிவிடுவார். எனக்கு அரை நாள் ஆகும், அதுவும் கோணலாக.

ஓடு: பழைய வீடு இடிக்கிற இடத்தில் மலிவாகக் கிடைக்கும். தலைமுறை கடந்து நிற்கும். ஆனால் கனம் அதிகம். கனத்துக்குத் தக்க மரச்சட்டம் வேண்டும், அடிக்கு ஐந்தாறு அங்குலமாவது சாய்வு வேண்டும். மரத்துக்கு ஆகும் செலவைப் பார்த்தால் ஓட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும். சட்டமும் சேர்ந்து கிடைத்தால் மட்டும் யோசியுங்கள்.

தகர ஷீட்: கனம் குறைவு, அடிக்கு இரண்டு மூன்று அங்குலச் சாய்வே போதும், தனி ஆளாக நின்று போட்டுவிடலாம். நான் போட்டது இதுதான், பழசு. வாங்கும்போது ஷீட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஆணி ஓட்டை வழியாக நட்சத்திரம் மாதிரி வெளிச்சம் தெரியும். நாலைந்து ஓட்டை என்றால் தார் சீல் வைத்து அடைத்துவிடலாம். வானமே தெரிந்தால் வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பழசு சும்மாவே தருவார்கள். சும்மா தருவதற்குக் காரணம் உண்டு. அதை அறுக்கும்போதும் உடைக்கும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குக் கேடு, வருஷங்கள் கழித்துத்தான் வேலையைக் காட்டும். முழு ஷீட்டாக, அறுக்காமல் போட முடியும் என்றால் உங்கள் விருப்பம்; நான் போடமாட்டேன்.

பிளக்ஸ் பேனர்: திருவிழாவோ தேர்தலோ முடிந்தால் மலிவாகவோ சும்மாவோ கிடைக்கும். நடுவில் ஒரு கம்பு, இரண்டு பக்கமும் கூடாரம் மாதிரி இழுத்துக் கட்டினால் ஒரு மழைக்காலம் தாராளமாகத் தாங்கும். வெயில் பட்டுப் பட்டு அப்புறம் வெடிக்க ஆரம்பிக்கும். தொய்வு விடாமல் இழுத்துக் கட்டுங்கள். பள்ளம் விழுந்தால் தண்ணீர் தேங்கி, அந்தக் கனத்தில் கிழியும், கொசுவும் முட்டையிடும். கிழிந்ததை அடுப்பில் மட்டும் வைத்துவிடாதீர்கள், அந்தப் புகை விஷம்.

சரி, நீங்கள் எப்படிக் கட்டினீர்கள்? வரிசையாகச் சொல்லுங்கள்.

முதலில் கால். காற்றில் சாய்ந்த ஒரு கிழட்டுத் தென்னையின் அடித்தடியைப் பிளந்து நாலு கால் எடுத்தேன். தென்னையில் அடிப்பக்கம்தான் வைரம்; நுனிப்பக்கம் மெத்தென்ற சோறு, இரண்டு மழையில் போய்விடும். முன்கால் இரண்டும் தரையிலிருந்து ஆறரை அடி, பின்கால் இரண்டும் ஐந்தரை அடி.

காலை நேராக மண்ணில் நட்டால் மண்மட்டத்தில்தான் முதலில் உளுக்கும். அதனால் 20 லிட்டர் காலி பெயிண்ட் வாளி நாலு எடுத்தேன். ஒவ்வொன்றிலும் கான்கிரீட் நிரப்பி, ஈரமாக இருக்கும்போதே இரண்டு இரும்புப் பட்டையைச் செருகி நிறுத்தி, வாளியோடு குழியில் இறக்கினேன். வாளியின் வாய் தரைக்கு இரண்டங்குலம் மேலே. கால் அதன் மேல் உட்கார்ந்திருக்கும். பட்டை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள, குறுக்கே போல்ட். மரம் மண்ணையே தொடாது. கான்கிரீட்டின் மேல்பாகத்தைக் கொஞ்சம் கூம்பாகப் பூசிவிடுங்கள், தண்ணீர் நிற்காது. நான் முதல் வாளியில் அதை மறந்து, கொத்தி எடுத்துத் திரும்பப் பூசினேன்.

அடுத்து தளம். தரையிலிருந்து ஒரு முழங்கை உயரத்தில், முன்கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு தடி, பின்கால்கள் இரண்டையும் சேர்த்து ஒரு தடி, காலோடு போல்ட் போட்டு இறுக்கினேன். தடிகளுக்கு நடுவில் கருங்கல் முட்டு கொடுத்தேன், கனத்தில் வளையாமல் இருக்க. அதன் குறுக்கே கமுகு பிளந்த அலகுகளை இரண்டு விரல் இடைவெளி விட்டு ஆணி அடித்தேன். இந்த இடைவெளி வழியாகத்தான் அடியிலிருந்து காற்று ஏறும்.

மேலே, முன்னும் பின்னும் ஒவ்வொரு உத்தரத் தடி, நடுவில் ஒன்று. அதன்மேல் 7 அடி நீள ஷீட் நாலு. நாலடி ஆழத்துக்கு ஏழடி ஷீட் எதற்கு என்று கேட்பார்கள். முன்பக்கம் இரண்டடி, பின்பக்கம் ஓரடிக்குக் கிட்ட வெளியே நீட்டிக்கொண்டிருக்கத்தான். பக்கவாட்டிலும் ஓரடி நீட்டியிருக்கிறது. இந்த நீட்டலில் கஞ்சத்தனம் காட்டினால் மொத்த வேலையும் வீண்; நம்ம மழை நேராக விழுகிற மழை இல்லை. ஷீட்டோடு ஷீட் சேரும் இடத்தில் ஒன்றரை அலையாவது ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். மழைக்காற்றுக்கு முதுகு காட்டுகிற மாதிரி ஏற்றுங்கள்: காற்று வருகிற பக்கத்து ஷீட்டின் ஓரம் மேலே வர வேண்டும். ஸ்க்ரூவை அலையின் மேட்டில் போடுங்கள், பள்ளத்தில் போட்டால் தண்ணீர் ஓடுகிற வழியில் ஓட்டை போட்ட மாதிரி. ரப்பர் வாஷர் இல்லாமல் போடவே வேண்டாம்.

கடைசியாக, பின்கால்களுக்கு நடுவிலும் இரண்டு பக்கங்களிலும் பெருக்கல் குறி மாதிரி குறுக்குக் கம்பு. இது இல்லாவிட்டால், கையால் தள்ளினாலே முழுக் கூரையும் ஆடும்.

எவ்வளவு செலவாயிற்று?

2022-இல் எனக்கு 4,000 ரூபாய்க்குள் நின்றது. அதில் பெரும்பங்கு பழைய ஷீட்டுக்கு. மீதி சிமெண்ட், போல்ட், ஸ்க்ரூ. மரம் சொந்தம், வேலையும் சொந்தம், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. ஆள் வைத்துச் செய்தால் கூலியே பொருளைத் தாண்டிவிடும். அளவு கோணாமல் இருக்க ஓர் ஆசாரியைக் கால் நிறுத்துகிற அன்று மட்டும் அழைத்தால் போதும். மற்றதெல்லாம் வீட்டில் வளர்ந்த பிள்ளை ஒன்று ஏணியைப் பிடித்தாலே நடக்கும்.

காற்றடித்தால் பறக்காதா?

ஒக்கிப் புயலைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போவதில்லை. 2017 நவம்பர் 30 அன்று ரப்பரும் தென்னையும் வாழையும் சாய்ந்து கிடந்த கோலம் யாருக்கும் மறக்காது. (அப்புறம் பல மாசம் மாவட்டம் முழுக்க விறகுதான்; மூடிவைக்க இடமில்லாமல் பாதி உளுத்துப் போயிற்று.) அந்த மாதிரிக் காற்றுக்கு எந்தச் சின்னக் கூரையும் உத்தரவாதம் இல்லை. சாதாரண ஆடிக் காற்றுக்கும் ஐப்பசி இடிமழைக்கும் நிற்க வழி உண்டு.

காற்று கூரையைத் தள்ளுவதைவிடத் தூக்குவதுதான் அதிகம். நான் தளத்துத் தடியைக் காலோடு போல்ட் போட்டதன் காரணம் இதுதான். மேலே ஒரு டன் விறகு உட்கார்ந்திருக்கிறது. கூரை எழும்ப வேண்டுமானால் காலும் எழும்ப வேண்டும், கால் எழும்ப வேண்டுமானால் தளத்தோடு விறகையும் சேர்த்துத் தூக்க வேண்டும். செலவில்லாத நங்கூரம். ஆனால் விறகு தீர்ந்து தளம் காலியாக இருக்கிற மாசங்களில் கவனம். அப்போது நாலு பெரிய கருங்கல்லைத் தளத்தில் ஏற்றி வையுங்கள். முப்பந்தல் பக்கத்துக்காரர்கள் ஸ்க்ரூவோடு நிறுத்தாமல், உத்தரத்தைக் காலோடு கட்டுக்கம்பியாலும் முறுக்கிக் கட்டுவது நல்லது.

ஷீட் பறக்காமல் இருக்கப் பழைய டயரை மேலே தூக்கிப் போடும் பழக்கம் பல வீட்டில் உண்டு. டயருக்குள் தேங்குகிற தண்ணீர் டெங்கு கொசுவுக்குத் தொட்டில். வேண்டாம்.

பக்கத்தில் மறைப்பு வேண்டுமா?

நிரந்தரமாக மேற்குப் பக்கத்துக்கு மட்டும் வேண்டும். என் கூரையின் பின்பக்கம் மேற்கு. அங்கே ஷீட்டும் தாழ்ந்து வருகிறது, கூடவே ஓர் ஓலைத்தட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன். விறகைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி, தரைக்கும் ஒரு முழம் மேலே. சாரல் தட்டியில் பட்டு வடியும், காற்று தட்டியின் அடியிலும் மேலும் புகுந்து போகும். ஓலை இல்லையென்றால் செடிக்குக் கட்டுகிற பச்சை வலையை இரண்டு மடிப்பாகத் தொங்கவிடலாம்.

கிழக்குப் பக்கம் திறந்தே இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாசம் மட்டும் பழைய பிளக்ஸ் ஒன்றைப் பாய் மாதிரி சுருட்டி முன் உத்தரத்தில் கட்டி வையுங்கள். இருட்டிக்கொண்டு வந்தால் அவிழ்த்துவிடலாம், மழை விட்டதும் சுருட்டிவிடலாம். சுருட்ட மறந்தால் மறுபடியும் புட்டுக்குடம்தான்.

விறகை எப்படி அடுக்குவது?

பிளந்துவிட்டு அடுக்குங்கள். உருட்டுக்கட்டையாக வைத்தால் பட்டை ஈரத்தை உள்ளேயே பூட்டி வைத்திருக்கும். இரண்டு ஓரத்திலும் ஒரு வரிசை நெடுக்கே, ஒரு வரிசை குறுக்கே என்று மாற்றி மாற்றி வைத்துத் தூண் மாதிரி எழுப்பினால் நடுவில் இருப்பது சரியாது. ரொம்ப நெருக்கி அழகு பார்க்காதீர்கள். ஓர் எலி போக வேண்டும், துரத்துகிற பூனை போகக் கூடாது. அந்த அளவு சந்து போதும். முன் வரிசைக்கும் பின் வரிசைக்கும் நடுவில் நாலு விரல்.

கதம்பை (தேங்காய் உரிமட்டை), மட்டை, கொதும்பு (காய்ந்த தென்னம்பாளை) இதையெல்லாம் விறகுக்கு நடுவில் திணிக்க வேண்டாம். கதம்பை பஞ்சு மாதிரி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு பக்கத்துக் கட்டைக்கும் கொடுக்கும். அதை உத்தரத்துக்குக் கீழே பரண் கட்டி மேலே போடுங்கள். தகரத்தின் சூட்டில் பொரி மாதிரி காயும். சிரட்டை சாக்கில் தனியாக.

எந்த விறகு எத்தனை நாளில் காயும்?

ரப்பர் சீக்கிரம் காயும், சீக்கிரம் கெடும். மென்மையான மரம், அதனால் சீக்கிரம் காயும்; உள்ளே மாவுச்சத்து அதிகம், அதனால் சீக்கிரம் கெடும். பூஞ்சைக்கும் உளுவண்டுக்கும் அது விருந்து. மரம் சாய்த்து ஒரு வாரத்துக்குள் பிளந்து கூரைக்குள் ஏற்றிவிட வேண்டும். மாசி, பங்குனியில் பிளந்து ஏற்றியது இடவப்பாதிக்கு முன்னால் எரிக்கத் தயாராகிவிடும். அதே விறகை ஆனியில் பிளந்து ஏற்றினால் தையைத் தாண்டினாலும் ஆச்சரியமில்லை. புளி, பலா, அயினி மாதிரி வைரமான மரங்களுக்கு ஒரு கோடை பத்தாது. ஒரு வருஷம் ஒதுக்கி வையுங்கள். புளிய விறகு காத்திருந்ததற்குக் கூலி கொடுக்கும், அதன் கனல் அவ்வளவு நேரம் நிற்கும்.

இன்னொன்று: எலும்பு மாதிரி காயட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை. காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்தில் நிற்கிற நாட்களில் விறகு எத்தனை மாசம் கிடந்தாலும் 16 சதவீத ஈரத்துக்குக் கீழே இறங்காது. காற்றுக்கும் கட்டைக்கும் கணக்கு அங்கே நேராகிவிடும். 20 சதவீதத்துக்குக் கீழே வந்தாலே நன்றாக எரியும். நமக்கு அது போதும்.

காய்ந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடொன்று தட்டுங்கள். காய்ந்தது 'டங்' என்று கேட்கும், பச்சை 'தொப்' என்று கேட்கும். வெட்டுவாயில் நடுவிலிருந்து வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை நகத்தால் நெம்பினாலே கழன்று வரும்.

இதைவிட நம்பகமான வழி தராசு. அட்டி போடுகிற அன்று நடுவரிசையிலிருந்து ஒரு கட்டையில் சாக்பீஸால் குறி போட்டு எடை பார்த்து எழுதி வையுங்கள். மளிகைக்கடைத் தராசு போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதே கட்டையை எடை போடுங்கள். எடை இறங்குவது நின்றுவிட்டால், அது காய வேண்டிய அளவு காய்ந்தாயிற்று. என்னுடைய குறிக்கட்டை 2 கிலோ 100 கிராமில் தொடங்கி 1 கிலோ 450-இல் நின்றது. கடைக்காரர் முதலில் ஒரு மாதிரி பார்த்தார், மூன்றாவது தடவை அவரே "இன்னிக்கு எவ்வளவு அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கறையானுக்கு மருந்து அடிக்கலாமா?

விறகின்மேல் எந்த மருந்தும் அடிக்க வேண்டாம். நாளைக்கு எரிக்கப் போகிறோம், அந்தப் புகை அடுக்களைக்குள்தான் வரும். வண்டி ஓட்டிய கரி ஆயிலும் அப்படியே. கால்களுக்கு வேண்டுமானால் பூசுங்கள், விறகில் படக் கூடாது.

கறையான் வெளிச்சத்தில் நடக்காது, மண்ணால் குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். அதனால்தான் தளத்தை ஒரு முழங்கை உயரத்தில் வைப்பது. குனிந்து பார்த்தால் வாளியிலோ முட்டுக்கல்லிலோ மண்குழாய் ஓடுவது கண்ணில் படும். துடைப்பத்தால் தட்டிவிட வேண்டியதுதான். மாசம் ஒருமுறை பார்த்தால் போதும். அடியில் சருகும் மரத்தூளும் சேரவிடாதீர்கள். சாம்பல் தூவினால் வராது என்பார்கள். மழைச்சாரல் பட்டதும் அது வெறும் சேறு.

ரப்பர் விறகில் குண்டூசி ஓட்டையும் அடியில் மாவு மாதிரித் தூளும் பார்த்தால், அது கறையான் இல்லை, உளுவண்டு. அந்த விறகை முதலில் எரித்துத் தீருங்கள், வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோய் அடுக்காதீர்கள். உங்கள் ரப்பர்மரக் கட்டிலுக்கும் அது வழி கண்டுபிடிக்கும்.

பாம்பு வருமே?

வரும். எலி இருக்கிற இடத்துக்கு வரும், இடுக்கு இருக்கிற இடத்துக்கு வரும். தளம் உயரமாகவும் அடி வெறுமையாகவும் இருந்தால் வாய்ப்பு குறையும், இல்லாமல் போகாது. இருட்டில் வெறுங்கையை இடுக்கில் விடாதீர்கள். டார்ச் அடித்து, ஒரு கம்பால் இரண்டு தட்டு தட்டிவிட்டு, மேல் வரிசையிலிருந்து எடுங்கள். நடுவிலிருந்து உருவக் கூடாது. தேளும் பூரானும் பெரும்பாலும் பட்டைக்கு அடியில்தான் இருக்கும். கட்டையைத் தரையில் ஒரு தட்டு தட்டிவிட்டு இடுப்பில் அணையுங்கள்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், கடிபட்ட உறுப்பை அசைக்காமல், நேராகப் பாம்புக்கடி மருந்து உள்ள பக்கத்து அரசு ஆஸ்பத்திரிக்கு. பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி. நாட்டு வைத்தியர் வீட்டில் நேரம் போக்க வேண்டாம்.

எங்கள் வீடு கடற்கரையோரம். தகரம் தாங்குமா?

குளச்சல், ராஜாக்கமங்கலம், தேங்காப்பட்டணம் பக்கம் உப்புக்காற்றுக்குச் சாதாரணத் தகரம் சீக்கிரம் துரு ஏறும்; முதலில் ஸ்க்ரூவைச் சுற்றித்தான் தின்னும். அங்கே ஓலையோ ஓடோதான் என் யோசனை. போல்ட்டுக்குப் பதிலாக மரத்தில் துளை போட்டு நைலான் கயிற்றால் கட்டலாம். கடலோரத்துக்காரர்களுக்கு முடிச்சு போட நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூணு சென்ட் வீடு, முற்றமே இல்லை. என்ன செய்வது?

மதிலோரம் மூன்றடி கிடைத்தால் போதும். ஒரே வரிசை விறகு, நாலடி நீளம், தலைக்குமேல் ஒரே ஒரு ஷீட். மதிலில் படாமல் ஒரு சாண் தள்ளி, அடியில் நாலு ஹாலோ பிளாக் வைத்து மேலே இரண்டு கம்பு. மாடிப்படிக்கு அடியிலும் வைக்கலாம், ஆனால் அங்கேதான் மீட்டர் பெட்டியும் இருக்கிறது என்றால் வேண்டாம். ஒரு மாச விறகை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியைத் தோட்டம் உள்ள சொந்தக்காரர் வீட்டில் ஒதுக்குவதுதான் லாபம்.

கூரை போடுவதற்குள் மழை வந்து விறகெல்லாம் நனைந்துவிட்டது. எரிக்க ஆகுமா?

ஒருமுறை காய்ந்த விறகு மழையில் நனைந்தால் பயப்பட வேண்டாம். அந்த ஈரம் மேலோட்டமானது. கூரைக்கடியில் காற்றுப்பட அடுக்கினால் நாலைந்து வெயிலில் பழையபடி ஆகிவிடும். பச்சையாக இருக்கும்போதே நனைந்து, அட்டியாகக் கிடந்து பூசணம் பூத்ததுதான் சிக்கல். அதைப் பிரித்து, ஒரு கட்டையைக் குறுக்காக உடைத்துப் பாருங்கள். உள்ளே மரநிறம் இருந்தால் காயவைத்து எரிக்கலாம், பூஞ்சை நீலம் எரிவதற்குத் தடையில்லை. நார் நாராகப் பிய்ந்தால் அதில் சூடே மிச்சமில்லை. தென்னை மூட்டில் போட்டு மண்ணால் மூடிவிடுங்கள். என் சில்பாலின் விறகில் மூன்றில் ஒரு பங்கு அங்கேதான் போயிற்று. அந்த மூட்டில் இன்றைக்கும் காளான் வருகிறது.